இடது பெடலில் ஒரு கட்டை

என் இடது கால் வலது காலைவிட இரண்டு சென்டிமீட்டர் குட்டை. பிறவியில் வந்ததல்ல. ஊர் பார்க்க வந்த ஒருவனுக்கு பிரெஞ்சுக்காரர் காலத்து மஞ்சள் சுவரைப் படம் எடுக்க அவசரம், அதனால் வந்தது. ஏழு வருடங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் மருந்து கொடுத்துவிட்டு சைக்கிளில் நான் வேலை செய்யும் கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஓரமாக நின்ற கார் ஒன்றின் கதவு, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் படாரென்று திறந்தது. விளிம்பு என் தொடையில் மோதியது. எலும்பு முறிந்து தெருவில் கிடந்த என்னைப் பார்த்து அவன் கேட்ட முதல் கேள்வி, "காரை ஒட்டி ஏங்க வர்றீங்க?" கழுத்தில் கேமரா தொங்கியது. இன்றைக்கும் அந்தத் தெருக்களில் யாராவது சுவரோரம் முகத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றால் விடாமல் மணியடித்துக்கொண்டே போவேன். படம் கெட்டுப்போகட்டும்.

எலும்பு கூடியது. கூடும்போது கொஞ்சம் குறைந்துவிட்டது. நடக்கையில் இடுப்பு ஒரு பக்கம் லேசாகத் தாழும். இரண்டு சென்டிமீட்டர் என்பது கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரில் அதைப் பற்றி யோசனை சொல்லாத ஆள் இல்லை. சைடு வீல் வைத்த ஸ்கூட்டர் வாங்கச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். வேலையை விடச் சொன்னவர்களும் உண்டு. சைக்கிள் ஓட்டணுமா, அதற்கு என்ன வழி என்று கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவரைத்தான் பிற்பாடு நான் நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் வீடு அரியாங்குப்பத்தில். வேலை, ஆற்றைத் தாண்டி பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில். பி.ஃபார்ம் படித்துவிட்டு இருபது வருடமாக அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். போக வர சைக்கிள். பள்ளிக்கூட நாளிலிருந்தே சைக்கிள்தான். ஸ்கூட்டர் பழகவில்லை, பழக ஆசையும் இல்லை. சைக்கிள் இருந்தால் நான் கிளம்பும் நேரத்துக்குக் கிளம்புவேன், வழியில் கீரையைப் பார்த்தால் இறங்குவேன், யாரையும் எதிர்பார்த்துத் தெருவில் நிற்க வேண்டாம். என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நான் செய்கிற காரியம் அது ஒன்றுதான் என்று சொன்னால் என் கணவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

கால் குணமாகி மறுபடி சைக்கிள் ஏறியபோது ஒன்றும் சரியாக இல்லை. இடது பெடல் கீழே போகும்போதெல்லாம் கால் எட்டாமல் இடுப்பு சீட்டில் இடது பக்கம் வழுக்கும். சீட்டை இறக்கினால் இடது கால் எட்டியது, வலது முட்டி மடங்கிக் கடுத்தது. ஏற்றினால் மறுபடி இடுப்பு. கொஞ்ச நாள் சீட்டை ஏற்றுவதும் இறக்குவதுமாகவே போனது.

எங்கள் ஏரியா சைக்கிள் கடைக்காரர்தான் வழி சொன்னார். ஒற்றை அறைக் கடை. உள்ளே சாமி படம், எந்நேரமும் எரியும் சின்ன விளக்கு. வாசலில், 'செருப்பை வெளியே விடவும்' என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். கிரீஸும் மண்ணெண்ணெயும் படிந்த தரைக்கு எதற்கு இந்த ஆசாரம் என்று கேட்டால், "சோறு போடுற எடம்மா" என்பார். அவர் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி என்னை ஏறி உட்காரச் சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றினேன். எதிரில் குந்திக்கொண்டு என் இரண்டு முட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "கொறையா இருக்கறது காலுதானே, சீட்டு இல்லியே? அப்ப ஏன் சீட்டப் போட்டு இம்ச பண்றீங்க? பெடலு மேல வரட்டும்" என்றார். பழைய டயர் ரப்பரும் மரத்துண்டும் சேர்த்து இரண்டு கட்டைகள் செய்து, இடது பெடலின் இரண்டு பக்கமும் வைத்து போல்ட் போட்டார். பெடல் எப்படித் திரும்பினாலும் என் கால் கட்டை மேல்தான் படும். மறுநாள் வரச் சொல்லி, மறுபடி ஏற்றி, மறுபடி குந்திப் பார்த்தார். "ரெண்டு முட்டியும் ஒரே ஒசரத்துக்கு ஏறுது. போங்க" என்றார். நாலு வருடத்துக்கு மேல் ஒரு வலியும் இல்லாமல் பாலம் ஏறி இறங்கினேன்.

போன வருடம் முதுகு வலி வந்தது. சைக்கிளால் அல்ல, நின்று நின்று. எட்டு மணி நேரம் கோணலாக நின்றால் யாருக்கும் வரும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தாவின் பழைய வீட்டில் இப்போது எலும்பு டாக்டர் ஒருவரின் கிளினிக் நடக்கிறது. அங்கே போனேன். உயரமான கதவுகள், பளபளக்கும் தரை, வாசலிலேயே செருப்பு ஸ்டாண்டு. உள்ளே வெறுங்காலோடுதான் போக வேண்டும். டாக்டர் என்னைப் படுக்க வைத்து டேப்பால் அளந்தார். நிற்க வைத்துக் காலுக்கடியில் சின்னச் சின்னப் பலகையாக வைத்து இடுப்பைப் பார்த்தார். இடது செருப்பின் அடியை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தச் சொல்லி எழுதிக் கொடுத்தார். மார்க்கெட் பக்கம் செருப்புத் தைப்பவர் ரப்பர் அட்டைகளை அடுக்கி ஒட்டிக் கொடுத்தார். பத்தே நாளில் முதுகு வலி போய்விட்டது. அந்த டாக்டரை அப்போது வருவோர் போவோரிடமெல்லாம் புகழ்ந்தேன்.

ஆனால் அந்தச் செருப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்று சாதாரணச் செருப்பு, இன்னொன்று செங்கல். நடையில் இருக்கும் தாழ்வை நான் வேகமாக நடந்து மறைத்துவிடுவேன், இதை எங்கே கொண்டுபோய் மறைப்பது? புடவையை ஒரு விரல்கடை இறக்கிக் கட்டினேன். கடையில் கவுண்டர் மறைத்துவிடும். மற்றபடி இந்த ஊரில் எங்கே போனாலும் செருப்பை வெளியேதானே விடுகிறோம், அது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. யாரும் சொல்லும் முன்பே கழற்றிவிடுவேன். எல்லாச் செருப்புக்கும் பின்னால், உயர்ந்த பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும்படி தள்ளிவிடுவேன். வெறுங்காலோடு உள்ளே போனால் எல்லோரும் ஒன்று.

இரண்டு மாதம் போயிருக்கும், இடது முட்டி வலிக்க ஆரம்பித்தது. முட்டிச் சில்லுக்கு அடியில், ஆணி வைத்து நெம்புவதைப் போல. நடக்கும்போது இல்லை. சைக்கிளில் மட்டும். பாலம் ஏறும்போது உயிர் போகும். முட்டி முன்னைவிட மேலே வந்து வயிற்றை இடிப்பது போலத் தோன்றியது. தொப்பை போட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். தொப்பையும் குறையவில்லை, வலியும் குறையவில்லை. கோபம் மட்டும் ஏறியது.

மறுபடி டாக்டரிடம் போனேன். வெறுங்காலோடு உள்ளே போய்ப் படுத்தேன். முட்டியை அழுத்தினார், மடக்கினார். "எப்ப வலிக்குது?"

"சைக்கிள் ஓட்டறப்ப."

"சைக்கிளா? இந்தக் காலோட எதுக்கும்மா சைக்கிள்? நிறுத்திடுங்க."

"நான் அதுலதான் வேலைக்குப் போறேன் டாக்டர்."

"வேற ஏற்பாடு பண்ணிக்கலாமே. வயசும் ஆகுதில்ல?"

எப்படிப்பட்ட சைக்கிள், எவ்வளவு உயரம், எங்கே வைத்து மிதிக்கிறேன், ஒரு கேள்வி இல்லை. ஏதோ நான் கயிற்றில் நடக்கிறேன் என்று சொன்னதைப் போல முகத்தை வைத்துக்கொண்டார். ஏழு வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஒரு கால் குட்டை என்றால் மீதி உடம்பையும் மூட்டை கட்டி வீட்டில் வைத்துவிட வேண்டும் இவர்களுக்கு. மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்தார். அந்த மாத்திரையை நான்தான் ஊருக்கே விற்கிறேன்.

வெளியே வந்தால் அங்கே இன்னொரு சண்டை. செருப்புக்கும் சைக்கிளுக்கும் டோக்கன் கொடுக்கும் பெண், என் வயதுதான் இருக்கும், புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினாள். நீளமாகச் சிராய்த்திருந்தது. "ஒஞ் சைக்கிளு போல்ட்டுதான். நவுத்தி வக்கறப்ப கிழிச்சிருச்சு. பெடலுல இன்னாத்துக்கு அந்தக் கட்ட?" என்றாள்.

"எங்காலு, என் பெடலு. உனக்கு என்ன?" என்றேன்.

"செருப்பயும் மூலையில கொண்டுபோய் சொருவி வக்கிற. நாந்தான் குனிஞ்சி எடுக்கணும். எல்லாரும் வக்கற எடத்துல வச்சா இன்னா?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவளுடைய காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னுடைய வலியே எனக்குப் போதுமாக இருந்தது.

வீட்டில் கணவர் முழுதும் கேட்டுவிட்டு, "அந்த சைக்கிளக் கொண்டுபோய் டாக்டருகிட்ட ஒரு வாட்டி காட்டினா என்ன?" என்றார். "ஏன், ஊசி போடுவாரா அதுக்கு?" என்று கேட்டேன். அவர் சொன்னதில் என்ன தப்பு என்று இப்போது யோசித்தால் ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடைக்குப் போனேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றி, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சைக்கிளை உள்ளே உருட்டினேன். முட்டி போய்விட்டது என்றேன். அவர் பழையபடி ஸ்டாண்டில் நிறுத்தி ஏறச் சொன்னார். எதிரில் குந்தினார். ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து பின்னால் போய் இடுப்பைப் பார்த்தார். மறுபடி குந்தினார்.

"ரெண்டு முட்டியும் சீராத்தாம்மா ஏறுது. அன்னிக்கு வச்சது வச்சபடியே இருக்குது."

"அப்ப எனக்கு வலிக்கிறது பொய்யா?"

"பொய்யின்னு சொல்லல. கட்டையில கொற இல்லன்னு சொல்றேன்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. டயர்த் துண்டை வைத்து டாக்டர் வேலை பார்க்கிறாயா என்று கேட்டேன். உன்னால் என் கால் போயிற்று என்றேன். சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர்கள், எதிர் டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்து, யாரும் பார்க்கும் முன் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சைக்கிள் சுவரோரம் நின்றுவிட்டது. ஒரு மாதம் கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவருக்குக் கடலூர் சாலையில் டைல்ஸ் கடையில் வேலை. எட்டு மணிக்கே என்னை இறக்கிவிட்டுவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். எங்கள் கடை திறப்பது ஒன்பதுக்கு. ஒரு மணி நேரம் மூடிய ஷட்டர் முன்னால் நிற்பேன். சாயங்காலம் அவர் எப்போது வருகிறாரோ அப்போது. காலிக் கூடையோடு வைத்திக்குப்பத்துக்குத் திரும்பும் மீன்கார அம்மாக்கள் தினமும் என்னைத் தாண்டிப் போவார்கள். "இன்னும் வரலியா ஒன் வூட்டுக்காரரு?" என்று பாவமாகக் கேட்பார்கள். அந்தப் பாவத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாற்பத்தாறு வயதில், பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுப் போன பிள்ளை மாதிரி நின்றேன்.

அந்த எரிச்சலெல்லாம் கவுண்டருக்கு வருபவர்கள் தலையில் விடிந்தது. ஒருநாள் ஒரு பெரியவர் இரண்டு சீட்டு நீட்டினார். ஒன்று வயிற்று டாக்டர் எழுதியது, இன்னொன்று பொது டாக்டர் எழுதியது. இரண்டிலும் ஒரே மருந்து, கம்பெனிப் பெயர்தான் வேறு. "ரெண்டையும் போட்டா என்னாகும் தெரியுமா உங்களுக்கு? இந்தச் சீட்ட அவருகிட்டயும் அந்தச் சீட்ட இவருகிட்டயும் காட்டுனீங்களா? வாயத் தெறந்து சொன்னாதானே அவங்களுக்குத் தெரியும்?" என்று பொரிந்து தள்ளினேன். இதைப் போல மாதத்துக்கு நாலைந்தாவது பிடிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு மாதம் முடியும் தறுவாயில், கணவர் தன் தங்கை மகள் காலேஜ் சேர்ந்திருக்கிறாள், போக வர சைக்கிள் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். "சும்மாதானே நிக்குது?" நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "கொண்டு போவட்டும்" என்றேன். நிஜமாகக் கேட்கிறாரா, என்னை ஆழம் பார்க்கிறாரா என்று தெரியாத கோபத்தில் சொன்னது அது. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போன் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, மறுபரிசோதனை. ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கணவர் போய்விட்டார். டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தார். வலி இல்லை. "பாத்தீங்களா? சைக்கிள நிறுத்தினதும் போயிடுச்சு" என்று சிரித்தார். சொன்னது உண்மை. அதனாலேயே அவரை நாலு கேள்வி கேட்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

டோக்கன் பெண் மூலையில் குனிந்து, சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த என் செருப்பை இழுத்துக்கொண்டே கேட்டாள். "இன்னாமா, சைக்கிளயே காணோம்? வித்துட்டியா?"

"உங்க டாக்டரப் போய்க் கேளு. முட்டி வலிக்குது, ஓட்டாதன்னுட்டாரு."

"வலிக்காம இன்னா பண்ணும்? செருப்பயும் ஒசத்தி வச்சிருக்க, பெடலுலயும் கட்டயக் கட்டி வச்சிருக்க. ஒரு காலுக்கு எத்தினி கட்ட?"

யோசனை சொல்வதாக நினைத்துக்கூட அவள் சொல்லவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலுப்பில் சொன்னாள். அதற்குள் அடுத்த ஆளின் டோக்கனை வாங்கப் போய்விட்டாள். நான் ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக அங்கேயே நின்றேன். "நவுரும்மா, ஆளுங்க வர்றாங்கல்ல" என்று அவள் சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

காம்பவுண்டுச் சுவரோரம் நின்று கணக்குப் போட்டேன். கணக்கு என்ன கணக்கு, ஒன்றாம் வகுப்புக் கூட்டல். கட்டை இரண்டு சென்டிமீட்டர், செருப்பு இரண்டு சென்டிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர் குறைக்கு நாலு சென்டிமீட்டர். சைக்கிளில் ஏறினால் என் குட்டைக் கால்தான் நெட்டைக் கால். பெடல் மேலே வரும்போதெல்லாம் அந்த முட்டி அளவுக்கு மீறி மடங்கி, மடங்கி, நசுங்கிக்கொண்டிருந்தது. முட்டி வயிற்றை இடித்தது தொப்பையால் அல்ல.

யார் மேலாவது கோபப்பட வேண்டும் என்று தேடினேன். டாக்டர் மேல் பட்டேன், அவர் செருப்புக்குச் சரியாகத்தான் எழுதினார், கட்டை இருப்பது அவருக்குத் தெரியாது. சைக்கிள் கடைக்காரர் மேல் பட்டேன், அவர் கட்டையைச் சரியாகத்தான் வைத்தார், செருப்பு அவருக்குத் தெரியாது. இரண்டு பேருமே என்னை வெறுங்காலோடுதான் பார்த்தார்கள். வெறுங்காலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தெருவில் மட்டும்தான் தப்பு. கிளினிக் வாசலில் சைக்கிளையும் செருப்பையும் சேர்த்துப் பார்த்த ஒரே ஆள் அவள்தான், அவளிடம்தான் 'உனக்கு என்ன' என்று கேட்டேன். இரண்டு சீட்டையும் இரண்டு டாக்டரிடமும் காட்டினீர்களா என்று ஊரையெல்லாம் கேட்டவள் நான். வாசலில் எழுதிப் போட்டிருந்ததால் மட்டும் செருப்பைக் கழற்றவில்லையே. எழுதாத இடத்திலும் கழற்றினேன். டிரம்முக்குப் பின்னால் தள்ளியது யார்? அந்தச் சுவரோரம் நின்று என்னை நானே திட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் லீவு போட்டேன். சைக்கிளில் இரண்டு டயரிலும் காற்று இல்லை. தள்ளிக்கொண்டே கடைக்குப் போனேன். அவர் வீல் ஒன்றைச் சுற்றிவிட்டு கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், மறுபடி வீலைப் பார்த்தார். வாசலில் நின்றதும் பழக்கத்தில் வலது கால் செருப்பை விட்டு வெளியே வந்துவிட்டது. மறுபடி உள்ளே நுழைத்தேன். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"அண்ணே, நான் செருப்போட ஏறிக் காட்டணும்."

அவர் சாமி படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு என் கால்களைப் பார்த்தார். இந்த முறை புடவையை நான் இறக்கவில்லை, கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தேன். அவர் எழுந்து போய் ஒரு சாக்கை எடுத்து உதறி, வாசலிலிருந்து ஸ்டாண்டு வரை விரித்தார்.

"வாங்க. செருப்போடவே வாங்க."

ஏறி உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். அவர் குந்தினார். ஒரு சுற்றுதான் சுற்றியிருப்பேன், கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டு விரலை வைத்துச் செருப்பின் அடியை அளந்தார். அதே இரண்டு விரலைக் கட்டையில் வைத்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. அத்தனை வருடத்தில் அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"இத்த ஏம்மா அன்னிக்கே காட்டல? மூணு நாளு எனக்குத் தூக்கமில்ல தெரியுமா? என் கையால ஒரு பொம்பளையோட காலு போச்சேன்னு. வூட்டுல கூட சொல்லல நானு."

"வெளிய கழட்டி வச்சிருந்தேன்."

"எல்லாரும் வெளியதான் கழட்றாங்க. நீங்க ஒளிச்சில்ல வச்சிருந்தீங்க? டிரம்முக்குப் பின்னால கைய வுட்டு எடுத்ததப் பாத்தேன். நாய் தூக்கிக்கினு போவும்னு வக்கிறீங்கன்னு நெனச்சேன்."

தலையை ஆட்டினேன். அன்று நாலு பேர் முன்னால் கத்தினேனே, இன்று யாரும் இல்லாதபோது மன்னிப்புக் கேட்டால் போதுமா என்று ஒரு யோசனை. டீக்கடையில் அதே ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி, "தப்பு என்னுதுதாண்ணே. உங்க கட்டையில கொற இல்ல" என்று உரக்கச் சொன்னேன். அதைக்கூடக் கோபமாகத்தான் சொல்ல வந்தது. அவர் ஸ்பேனரை எடுத்து இரண்டு கட்டைகளையும் கழற்றினார். என்னை மறுபடி சுற்றச் சொல்லிப் பார்த்தார். "செருப்பு இல்லாம மட்டும் இனிமே ஏறாதீங்க" என்றார். காற்றடித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் கணவரிடம் சைக்கிளைக் கொடுக்க முடியாது என்றேன். நடந்ததைச் சொன்னேன். "நான் அன்னிக்கே சொன்னேன், சைக்கிள டாக்டருகிட்ட காட்டலாம்னு" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். "நாளைக்குக் காலையில வர்றாங்களே. தங்கச்சிகிட்ட இப்ப எப்படி வேணாங்கறது?" என்றார். பிறகு, "இன்னும் நீ ஓட்டிப் பாக்கலியே. பாலத்துல ஏறுனா மறுபடி வலிச்சா?" என்றார். ஸ்டாண்டில் சுற்றுவது வேறு, பாலம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நானே காபி போட்டுக் குடித்துவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்தேன். செருப்பு காலில். புடவை தூக்கிச் செருகியபடி. பாலம் ஏறுகிற இடத்தில் ஒரு நிமிடம் இறங்கிவிடலாமா என்று தோன்றியது. இறங்கவில்லை. இடது கால், வலது கால், இடது கால். ஆணி நெம்பப்போகிறது, இப்போது, இதோ இப்போது என்று பல்லைக் கடித்துக்கொண்டே மிதித்தேன். ஒரு மாதம் ஓட்டாததில் தொடை கடுத்தது, மூச்சு வாங்கியது. முட்டி சும்மா இருந்தது. பாலத்தின் நடுவில் கைப்பிடிச் சுவரோரம் நின்றேன். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது அழுகை. அதுவும் கோப அழுகை. எத்தனை மாதம் வலியோடு இந்தப் பாலத்தை ஏறினேன், எத்தனை நாள் ஷட்டர் முன்னால் நின்றேன், எல்லாம் ஒரு செருப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்ததற்காக.

அங்கேயே நிற்கும்போது போன் அடித்தது. கணவர்.

"தங்கச்சியும் பாப்பாவும் வந்துட்டாங்க. சைக்கிளக் காணோமே, எங்க?"

"பாலத்து மேல."

"பாலத்து மேலயா? யாரு கொண்டு போனது?"

"நான்தான். அது மேல நான் உக்காந்திருக்கேன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் போனை வைக்காமலே தங்கையிடம் சொல்வது கேட்டது. "அது குடுக்கறதுக்கு இல்லம்மா. அவ ஓட்டறா."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு நகரத்துப் பக்கம் இறங்கினேன். அந்த டோக்கன் பெண்ணிடம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது, கெண்டைக்கால் காயம் ஆறிவிட்டதா என்று. திங்கட்கிழமை போய்க் கேட்க வேண்டும்.